கோபுரத்தைக் காட்டிப் பேசிய அப்பாவுக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. அடி அண்ணாமலையில், பெரியப்பா நிலத்து மூலையில், உங்கள் மேல் புல் முளைத்திருக்கிறது. பௌர்ணமி தவறாமல் கிரிவலக் கூட்டம் உங்களைத் தாண்டித்தான் போகிறது. வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய மெஷின் இன்னும் பேப்பரைத் தின்கிறது. அம்மா மட்டும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எல்லாம் உங்கள் வாயால் வந்தது, அப்பா. எங்கேயாவது பூமி அதிர்ந்தால், சண்டை மூண்டால், போதகர் கடைசி காலம் வந்துவிட்டது என்பார், சபையே நடுங்கும். நர்ஸிங் சேர இருந்த பெண் ஒருத்தி, உலகம் முடியப் போகிறது, படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம்தான், நீங்கள் நடத்திவந்த வேத வகுப்பில் எழுந்து நின்றீர்கள். பூமி அதிரும், சண்டை மூளும், முடிவு வரும் என்று இயேசு சொன்னது தன் எதிரில் நின்றவர்களிடம், அந்தத் தலைமுறை சாவதற்குள் ரோமர் படை வந்து எருசலேம் ஆலயத்தை இடித்துப்போட்டது, அவர் சொன்னது அப்போதே நடந்து முடிந்தது என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னல் வழியே பெரிய கோயில் கோபுரத்தைக் காட்டினீர்கள்.

"அது ஒரு நாள் சரிஞ்சு விழுந்தா இந்த ஊர்க்காரனுக்கு உலகமே முடிஞ்ச மாதிரி இருக்காதா? அவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு நாம ஏன் பயந்து சாவணும்?"

கர்த்தருடைய ஆலயத்துக்கு அந்தக் கோபுரமா ஒப்பு என்று சபை கொதித்தது. வகுப்பைப் பிடுங்கினார்கள். நீங்கள் அசையவில்லை.

நீங்கள் இறந்த அன்று போதகரும் மூப்பர்களும் வீட்டுக்கு வந்தார்கள். சபையின் கல்லறைத் தோட்டத்தில், மூன்று வயதில் காய்ச்சலில் போன தம்பிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. போதகர் தணிந்த குரலில்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரியில கடைசியா நீதானேம்மா கூட இருந்தே? தப்பா போதிச்சிட்டேன்னு மனசு திரும்பினார்னு ஒரு வார்த்தை சொல்லு. அங்கயே அடக்கம் பண்ணிடலாம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுடி. புள்ள பக்கத்துல அவர் இருக்கட்டும்டி."

கடைசியாக நீங்கள் ஃபேனைக் கம்மி பண்ணச் சொன்னீர்கள். வேறெதுவும் சொல்லவில்லை.

"அப்படி ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

நீங்கள் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து நம் வாசல் மிதிக்காத பெரியப்பா, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். "என் தம்பிக்கா எடமில்ல? நம்ம நெலத்துக்குத் தூக்கிட்டு வாங்க." ஜெபம் பண்ண ஒருவரும் வரவில்லை. நானே தப்பும் தவறுமாகச் சொன்னேன். அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் பெண் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள். உங்கள் அடக்கத்துக்கு அவளும் வரவில்லை.

நீங்கள் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆலயம் இடிந்தது என்றைக்கோ முடிந்த கதை என்றால், நம் வீடு இடிந்ததை எதில் சேர்ப்பது அப்பா?

போன வாரம் அம்மாவே வாய் திறந்தாள். அவள் நோய்க்கு இனி மருந்தால் ஆகாது என்று டாக்டர் என்னிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"என்னை எங்கடி வெப்பே? அவராண்டையா, புள்ளையாண்டையா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள். "அவன் சின்னவன்டி. இத்தினி வருஷமா தனியா கெடக்கறான்."

அவளைத் தம்பியிடமே கொண்டுபோய் வைப்பேன், அப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை உழாமல் விடச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அங்கே நான் வருவேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத உங்கள் மகள்,
எஸ்தர்