சுடிதார் பாக்கெட்டில் எறும்பு

இன்று காலை துவைப்பதற்காக என் சுடிதாரை எடுத்த அம்மா, "இன்னாடி இது, பாக்கெட் பூரா எறும்பு!" என்று கத்தினாள். உள்ளே ஒரு புளிப்பு மிட்டாய் உருகித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. போன மழைக்காலத்தில் நீ போனாய். நான் இன்னும் பாக்கெட்டில் மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் காலையில் நடக்கப் போகிறேன்.

நாம் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரே தெருவில் என்னோடு வளர்ந்த நீ ஒரு சாயங்காலம் எங்கள் மாடிக்கு வந்தாய். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய். "எனக்கு சுகர் இருக்குதுடி. ஊசி போட்டுக்கறேன். தெனம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா எவன் கட்டிப்பான்னு அம்மா பயப்படுது."

உன்னைப் போல ஒல்லியான பெண் விடிகாலையில் நடந்தால், உடம்புக்கு என்ன என்று தெருவே கேட்கும். அதற்கும் நீயே வழி வைத்திருந்தாய். "நீ குண்டுதானே? நீ எளைக்கத்தான் நடக்கறோம்னு சொல்லிக்கலாம்." எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்படித்தான் நான் இளைக்க நடப்பவள் ஆனேன், நீ எனக்குத் துணை ஆனாய். சிங்கவரம் ரோட்டில் வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகள் வரை போய்த் திரும்புவோம். நடுவில் சர்க்கரை இறங்கி உனக்குக் கை நடுங்கினால், உடனே வாயில் போட ஒரு மிட்டாய் வேண்டும். பாக்கெட் வைத்த சுடிதார் என்னுடையது, அதனால் மிட்டாய் வாங்குவதும் சுமப்பதும் என் வேலை. "எளைக்க நடக்கற பொண்ணு மிட்டாய் வாங்குது பாரு!" என்று கடைக்கார அக்கா சொல்லாத நாள் இல்லை. நீ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

நடையை நிறுத்தக் காரணங்களுக்கா பஞ்சம்? கல்லூரி பஸ் சீக்கிரமே வந்துவிடும். பரீட்சை வரும். பைக்கில் போகிற பையன்கள் என்னைப் பார்த்து, "லாரி வருது, ஒதுங்குங்கடா" என்பார்கள். அடுத்த நாள் போர்வைக்குள்ளிருந்தே, "இன்னிக்கு வேணான்டி" என்று முனகுவேன். நீ வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பாய். "நீ வரலன்னா நான் எப்டிடி போவேன்?" என்பாய். எழுந்துவிடுவேன்.

போன மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே சர்க்கரையும் எகிற, உன்னை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். நீ உயிரோடு திரும்பவில்லை. "நல்லா இருந்த பொண்ணு, காய்ச்சல்ல போயிடுச்சே" என்று தெருவே அழுதது. உன் அம்மா அழுகைக்கு நடுவில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சர்க்கரை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குப் பின்னால் கட்டிக்கொடுக்க ஒரு தங்கை இருக்கிறாளே.

அதோடு நானும் நடையை விட்டேன். அப்புறம் ஒருநாள் கல்லூரியில் மேடம், உடற்பயிற்சியை ஏன் பாதியில் விடுகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்தி பஸ் என்றாள், ஒருத்தி தூக்கம் என்றாள், தனியாகப் போனால் நைனா திட்டுவார் என்றாள் இன்னொருத்தி. "கூட வர ஆள் இல்ல மேடம்" என்றேன் நான். வகுப்பு சிரித்தது. மறுநாள் வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்காமலே எழுந்து போனேன். அந்த ரோட்டில் போகும்போது மட்டும்தான் நீ பக்கத்தில் வருகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை, வகுப்பிலும் இல்லை.

எறும்பு தின்ற மிட்டாய்க்குப் பதில் வேறு வாங்கச் சாயங்காலம் கடைக்குப் போனேன். "இன்னும் மிட்டாய விடலியா நீ? அப்புறம் எங்க எளைக்கறது?" என்றார் அக்கா. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் உன் அம்மா. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், "அந்தப் பொண்ணுக்கு இன்னொண்ணு குடும்மா" என்றார்.

இரண்டையும் பாக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறேன். விடிந்ததும் நடக்கப் போக வேண்டும்.