முடிக்காத அரை கிலோமீட்டர்

ஆபா,

இன்று மதியம் தோல் பதனிடும் டேனரி வாசலில் கல்லுப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த உப்பின் வாசனை தெரு முழுக்கப் பரவியது. தோல் வாசனை கலக்காத வெறும் உப்பு, வெறும் ஈரம். ஸ்கூட்டியை நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னாமா, நடு ரோட்ல கனவா?" என்று கத்தினார். கனவுதான். உன்னோடு அந்தத் தீவு ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

ஷூ ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்தவர்கள் நாம். என்னைவிட மூன்றே வயது மூத்தவள் நீ. வாய் அக்கா என்பதற்கு ஆபா என்று கூப்பிடும், மற்றபடி வா, போதான். வேலூர் கேன்சர் டாக்டர், "இன்னொரு தடவ மருந்து ஏத்திப் பாக்கலாம். கேக்குமா கேக்காதான்னு சொல்ல முடியாது. உங்க இஷ்டம்" என்றபோது உன் மகன் அந்த இடத்திலேயே அழுதுவிட்டான். நீ மட்டும், "மொதல்ல கடலப் பாத்துட்டு வர்றேன். அப்புறம் சொல்றேன்" என்றாய். மெரினாவுக்கு இரண்டு தடவை போயும் ஜனங்களின் முதுகைத்தான் பார்த்தாயாம்.

மகனையும் கூட்டிப்போகலாமே என்றேன். "அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேஜாராவுது. நீ வா" என்றாய். அவன்தான் நம் இருவருக்கும் அந்தமானுக்கு டிக்கெட் போட்டான்.

போர்ட் பிளேரில் வாடகைக்கு எடுத்தது கியர் இல்லாத சின்ன கார். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை போய்த் திரும்புவதுதான் என் ஓட்டுநர் அனுபவம். அதுவும் கோடு போட்டாற்போல் நேரான பைபாஸ். நீயோ பெல்ட்டை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாய். தெற்கே தீவின் முனை வரை போய், கடலோரத்தில் முடிந்துவிடும் ரோடு அது. கிளம்பும்போதே நிபந்தனை போட்டாய்.

"ரோடு முடியற எடத்துல வண்டிய நிறுத்திட்டு நீ கேளு. ஆமாவா இல்லையான்னு அங்க சொல்றேன். அது வரைக்கும் அந்தப் பேச்சு எடுக்கக்கூடாது."

ஆபா, அந்த ரோடு! தென்னையும் பாக்கும் தலைக்கு மேலே வந்து கூடும். பிறகு விலகும். உன் ஜன்னல் பக்கம் திடீரென்று கடல் வந்து நிற்கும். ஒரு வளைவு திரும்பினால் காணாமல் போய்விடும். "அரே, எங்கடி போச்சு?" என்பாய். அடுத்த வளைவில் மறுபடி வரும். பச்சையா நீலமா என்று நாம் சண்டை போட்டோம். ஸ்டியரிங்கை நான் வெடுக்கென்று திருப்பும்போதெல்லாம், "வளைவுல அவசரம் இன்னாத்துக்கு? பீஸ மெதுவாத் திருப்பு, நூல் தானா வரும்" என்று ஃபேக்டரிப் பாடம் நடத்தினாய். ஸ்கூட்டர்கள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போயின. ஒரு சைக்கிள்கூடத் தாண்டிப் போனது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

நடுவில் டப்பாவைத் திறந்து ஆற்காட்டு மக்கன் பேடாவை என் வாயில் திணித்தாய். கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தூங்கியும் போனாய். முடி கொட்டிய தலையில் துப்பட்டா நழுவியிருந்தது. அலைச் சத்தமும் உன் மூச்சுச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அந்த ரோடு அப்படியே போய்க்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் மெதுவாக ஓட்டியது பயத்தால்தான், ஆனால் வளைவுகளுக்குப் பயந்து அல்ல.

அங்கே சூரியன் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. நம் ஃபேக்டரி லைனில் சாயங்கால டீ கொடுக்கும் நேரத்துக்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. முனைக்கு அரை கிலோமீட்டர் என்று பலகை காட்டியது. அடுத்த இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் என்ன செய்தேன்? பிரேக்கை மிதிக்கவில்லை. மிஷினை நிறுத்துகிற மாதிரி, ஆக்சிலேட்டர் மேலேயே குதிகாலைப் பின்னுக்கு அழுத்தினேன்! பதினெட்டு வருடப் பழக்கம் காலை விட்டுப் போகுமா? வண்டி பாட்டுக்கு உருண்டது. நான் ஸ்டியரிங்கை ஒடிக்க, கடல் பக்கத்துப் புல்லில் இறங்கியது. நீதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினாய்.

"யா அல்லா! காரு இன்னா தையல் மிஷினாடி?" என்றாய். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மாடு நம்மைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது.

சிரித்து முடித்ததும், "வா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றாய்.

"கால் நடுங்குது ஆபா. திரும்பிடலாம்" என்றேன்.

"முன்னாடி போனா நடுங்குற காலு, திரும்பிப் போனா நடுங்காதா?"

நான் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு, "சரி, திருப்பு" என்று கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். திரும்பும்போது கடல் என் பக்கம் இருந்தது. "எங்கடி போச்சு?" என்று நீ கேட்கவும் இல்லை.

சென்னை ஏர்போர்ட் வாசலில் உன் மகன் ஓடி வந்தான். "ஆன்ட்டி, அம்மி இன்னா சொன்னாங்க?"

"சரின்னுட்டா" என்றேன்.

நீ பையைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் உன்னைக் கட்டிக்கொண்டு தேம்பினான். நீ அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாய், அவ்வளவுதான். அடுத்த வாரமே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து மாதம். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித் தண்ணிகூட இறங்காமல் நீ பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசி வாரத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அன்னிக்கு அங்க போயிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்:

"வேணாம்னு சொல்லியிருப்பேன்னா, நீ இன்னா பண்ணுவ?"

"செத்துப் போவேன்."

"அப்டீன்னா சரின்னு சொல்லியிருப்பேன். வெச்சிக்கோ, போ."

வைத்துக்கொண்டேன். மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் என்ன பச்சைக் குழந்தையா ஆபா? நீ வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தாய். அது தெரிந்துதான் திருப்பினேன். அன்றைக்கு என் கால் நடுங்கவே இல்லை. அந்த ஐந்து மாதம் உனக்கு வேண்டியிருக்கவில்லை, எனக்கு வேண்டியிருந்தது. எனக்காக நீ அதை அனுபவித்துவிட்டுப் போனாய்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மன்னிப்புக் கேட்கிறவள் இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டுமே. இப்போது மறுபடி அந்த ரோட்டில், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னை ஓட்டச் சொன்னாலும், நான் திருப்பிவிடுவேன் ஆபா.