உங்கள் கல்வெட்டில் நான் எழுதிய நாலு அடி

ஐயா,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கு மருந்து அடித்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியது. அழுகின உள்ளிப்பூண்டைப் போன்ற அந்த மணம் அறைக்குள் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து எழும்பி வந்து யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். உங்கள் கடைசி வருடத்துச் சேர்ட்டுகளில் இருந்த மணம் அது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை.

வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்று, கோப்பாய்ச் செம்மண்ணுக்கு யோகம் அடித்தது என்று ஊரெல்லாம் பேசிய காலம் அது. அந்த யோகத்தில் எங்களுக்குச் சேர வேண்டியது அக்காவின் கலியாணத்துக்குப் போவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனை ஊரில் எல்லாரும் ஓவசியர் என்றே அழைப்பார்கள். ரோட்டு வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறியவர். முதலில் காணியும் நகையும் போதும் என்றார். நாங்கள் ஓம் என்ற பிறகு கல்வீடு வேண்டும் என்றார். அத்திவாரம் வெட்டிய பிறகு, "மகன் கொழும்பிலை இருந்து வந்து போறவன், ரெண்டு அறை காணுமே?" என்று இன்னும் ஒரு அறை கேட்டார். அவர் ஒவ்வொரு முறை வந்து போன பிறகும் நீங்கள் இன்னொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். கூலிக்கு ஆள் பிடித்தால் கட்டுப்படியாகாது என்று மருந்தையும் நீங்களே அடித்தீர்கள்.

மருந்து விசிறும் குழாயின் முனை அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவீர்கள். நீங்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஊதிவிட்டு வெற்றிலை போட்டுத் துப்பினால் விஷம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

"ஐயா, போத்திலிலை மண்டையோடு கீறிக் கிடக்கு" என்றேன் ஒருநாள்.

"அது பூச்சிக்குக் கீறினது, பிள்ளை. எனக்கெண்டால் ஆள் உயரத்துக்கெல்லோ கீறியிருப்பான்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து நான் என்னை நொந்துகொள்வதில்லை. நொந்துகொள்ள வேண்டியவர் வேறொருவர்.

அந்த நாள் மத்தியான வெயிலில் நீங்கள் தோட்டத்தால் வந்து விறாந்தையில் குந்தினீர்கள். தண்ணீரில் முக்கி எடுத்தாற்போல வியர்த்திருந்தது. "ஏன் உப்பிடி இருட்டாக் கிடக்கு?" என்று கேட்டீர்கள். வாயால் வீணீர் வழிந்தபடி இருந்தது. மாமா கார் பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று பின்னேரமே உங்கள் உடலைத்தான் திருப்பிக் கொண்டுவந்தோம். டாக்குத்தர் மாமாவிடம் தெளிவாகச் சொன்னார்: மருந்தைக் குடிக்கவில்லை, அடிக்கும்போது தோலாலும் மூச்சாலும் போயிருக்கிறது, இந்தப் பருவத்தில் இப்படி வருகிற முதல் ஆள் இவர் அல்ல.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முன்னமே சந்தையில் கதை வேறாக இருந்தது. நீங்கள் மருந்தைக் குடித்தீர்களாம். கடனாம், மானமாம். யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனால், எல்லாப் பாதையும் ஓவசியரின் படலை வாசலில் போய் முடிந்தது. ஏன் சொன்னார் என்பது எட்டாம் நாள் விளங்கியது. உங்கள் படத்துக்கு முன்னால் படையல் இன்னும் எடுபடவில்லை. அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு மெல்லக் கதைத்தார்.

"தங்கச்சி, குறை நினையாதை. மருந்து குடிச்சுச் செத்த வீடெண்டு சனம் கதைக்குது. எங்கடை ஆக்கள் பின்னடிக்கினம். நீ அந்தத் தோட்டக் காணியையும் பெட்டைக்கு எழுதினாயெண்டால் நான் அவையளைச் சமாளிப்பன்."

"அவர் குடிக்கேல்லை, அண்ணை" என்றார் அம்மா.

"எனக்குத் தெரியும். ஊர் வாயை மூடேலுமே?"

எனக்குத் தெரியும் என்றார், ஐயா. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

செத்த வீடுகளில் தருகிற கல்வெட்டுப் புத்தகங்களை நீங்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் தருவீர்களே, நினைவிருக்கிறதா? எதைக் கண்டாலும் வாசிக்கிறவள் என்று. இறந்தவரின் பிறப்பும் குணமும் பாட்டாக, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று பந்தலில் ஒருவர் அதை ராகத்தோடு படிப்பார். எல்லாரும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக் கேட்பார்கள். உங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மா சொன்னபோது, பாட்டு நான் எழுதுகிறேன் என்றேன். யாரோடும் அதிகம் கதைக்காத பிள்ளை எழுதியாவது ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உதை வாசிச்சுப் பாத்தனீங்களே?"

"நான்தான் எழுதினது."

தாளை எடுத்து முதலிலிருந்து திரும்ப வாசித்தார். பிறகு, "கடைசி அடியைத் தடிச்ச எழுத்திலை போடவோ?" என்று கேட்டார்.

பிள்ளைகள் புலம்பலின் முடிவில் அது இருந்தது:

கல்வீடு கேட்டார்க்குக் கைவருந்திக் காசுதேட
மல்லாடி மிளகாய்க்கு மருந்தடித்து வீழ்ந்தீரே!
இல்லாத பழிசொல்லி இன்னுமொரு காணியென்று
பொல்லாத வாய்திறந்தார் பந்தலிலே இருக்கின்றார்.

அந்தியேட்டிக்கு ஓவசியர் வந்தார். வராவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்றாகிவிடும். காணி இன்னும் கைக்கு வரவில்லை. முன் பாயில், தூணோடு சாய்ந்து இருந்தார். படித்த கிழவனாருக்குப் பார்வை மட்டு, ஆனால் நல்ல குரல். சொல்லை விட ராகத்திலேயே அவருக்குக் கவனம். கடைசி அடியை இரண்டு தரம் பாடுவது முறை. முதல் தரம் பாடியபோது பந்தல் அமைதியாகிவிட்டது. சனம் அழுகையை அடக்குகிறது என்று நினைத்து அவர் இரண்டாம் தரம் இன்னும் உருக்கமாக இழுத்தார். தலைகள் எல்லாம் அந்தத் தூணின் பக்கம் திரும்பின. பின் வரிசையில் ஒரு பெண், "ஆரைச் சொல்லுது?" என்று கேட்க, இன்னொருத்தி, "உதிலை இருக்கிறாரே, அவரைத்தான்" என்றாள்.

ஓவசியர் எழும்பினார். சால்வையை உதறினார். இலை போட முதலே போய்விட்டார்.

சம்பந்தமும் அவரோடு போய்விட்டது. அன்றிரவு அக்கா என்னிடம் வந்து, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தால் விட்டிருப்பியே?"

"விட்டிருப்பன். நாலு அடி போதாதெண்டும் சொல்லியிருப்பன்."

பிறகு இருவரும் அழுதோம். அவள் இப்போது வன்னியில் படிப்பிக்கிறாள். கலியாணப் பேச்சை எடுத்தால் கதையை மாற்றுகிறாள். அந்தக் கணக்கும் ஓவசியரின் பேரில்தான் இருக்கிறது. வீட்டுச் சுவர்கள் யன்னல் மட்டத்தோடு நிற்கின்றன.

பிறகு ஓவசியரின் மகனுக்கு இரண்டு இடத்தில் பேசினார்கள். கொக்குவில் பெண் வீட்டுக்கு உங்கள் கல்வெட்டு ஒன்றை நானே தபாலில் அனுப்பினேன். மற்ற வீட்டுக்கு நான் அனுப்பவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

போன கிழமை ஓவசியரின் மனைவி வந்தார். ஓவசியர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுத்திருக்கிறாராம். பேச்சு இன்னும் போகவில்லையாம்.

"பிள்ளை, மிச்சம் இருக்கிற கல்வெட்டுகளை எரிச்சுப் போடு. அவர் கண்மூடினால் இஞ்சை எல்லாரும் அதைத்தான் எடுத்து வாசிப்பினம். அந்த மனுசன் நித்திரையில்லாமல் கிடக்குது."

அவர் நல்ல மனுசி. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"மாமி, எங்கடை ஐயா குடிக்கேல்லை எண்டு அவரை ஒருக்கால் சொல்லச் சொல்லுங்கோ. எனக்கில்லை. ஊராக்கள் நாலு பேரைக் கூப்பிட்டு வைச்சுச் சொன்னால் காணும். அண்டைக்கே எரிக்கிறன்."

மாமி போய்க் கேட்டிருப்பார். பதில் வரவில்லை. படுக்கையில் கிடந்தும் உங்கள் பேரைத் திருப்பித் தர அந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

மன்னிப்பைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன், ஐயா. நல்ல நல்ல புத்தகங்களில், நல்ல தமிழில். வாசித்து மூடி வைத்துவிடுகிறேன். இந்தக் கோபத்தை ஆறவிட்டால், நீங்கள் குடித்துச் செத்தவர் என்பதே ஊரில் மிஞ்சும். ஆதலால் அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். பாரமாகத் தெரியவில்லை. அவருக்குப் பேச்சு இருக்கும் வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு, அவருடைய அந்தியேட்டிக்கு நானும் போவேன். உங்கள் கல்வெட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு முன் பாயில் இருப்பேன்.