நான்கு சிறு துளைகள்

ஜூலை 8, செவ்வாய்

காலை முதல் விடாத மழை. அரை நாள் லீவு. குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர். ஸ்டுடியோக்காரர் ஒருவரின் பழைய அமெரிக்க பேஸ் கிட்டார்; அசலா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலை போக எனக்கு இது பக்கத் தொழில்.

ஒலியைக் கூட்டிக் குறைக்க வழக்கமான மூன்று குமிழ் இல்லை. இரண்டே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குமிழ். கழுத்தைக் கழற்றினேன். அடிக்கட்டையில் பென்சிலால் தேதி. ஆரம்ப கால அசல், சந்தேகமே இல்லை.

தந்திகளுக்கு அடியில் வரிசையாக நான்கு சிறு துளைகள். நாதம் நீளாமல் அடக்க, தந்திக்கு ஒன்றாகக் கம்பளித் துண்டு வைத்துக் கம்பெனியே திருகிய இடம். முதல் ஓரிரு வருடம் மட்டும். ஸ்டுடியோக்காரர் வைத்திருந்த பழைய கேட்லாக்கில் இருந்தது; எனக்கே இன்றுதான் தெரியும்.

திரும்பும்போது வண்டியில் நினைவு வந்தது. இதே துளைகளைத் தாராவியில் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

போனில் பழைய படங்கள். இரண்டு வருடம் முந்தியவை. தாராவியில் மாரிச்செல்வி என்பவர் வீடு. கணவர் ஹோட்டல் பேண்டில் பேஸ் வாசித்தவர். அப்போது காலமாகிச் சில மாதம். அவருடைய கிட்டாரை விற்பதற்காக மாரிச்செல்வி என்னைப் பார்க்கச் சொன்னார். எனக்கு ரயில் அவசரம். கழுத்தைக் கழற்றவே இல்லை. மேலே புதுப் பெயிண்ட், மாற்றிய குமிழ், துளைகள். யாரோ கண்டபடி துளைத்த போலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்து நிமிடம் இருந்திருப்பேனா?

படத்தில் துளைகள் நேர்கோடு. இடைவெளி ஒரே அளவு.

மனைவியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "தப்புன்னு தெரிஞ்சாச்சோல்லியோ, நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

ஆபீஸில் மூன்று தடவை மாரிச்செல்வி நம்பரை எடுத்து, வைத்துவிட்டேன். வந்த விலைக்குத் தள்ளியிருந்தால்? மாலை கூப்பிட்டேன். கிட்டார் வீட்டில்தான் இருக்கிறதாம். மூச்சு வந்தது. ஞாயிறு வரச் சொன்னார்.

எடுக்க: ஸ்க்ரூடிரைவர், டார்ச், குடை. குக்கர் கேஸ்கெட் வாங்க மறந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தே போனேன். மாரிச்செல்வியும் மகள் கவிதாவும். கவிதாவுக்கு இருபது இருக்கும். கிட்டார் அவள் மடியில். அதன் உடம்பெல்லாம் ஸ்டிக்கர், விரல் படும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டு வருடமாக இதில்தான் வாசிக்கிறாள். கல்யாணக் கச்சேரிகளுக்கும் போகிறாளாம்.

கழுத்தைக் கழற்றினேன். பென்சில் தேதி. செம்பூர் கிட்டாருக்கும் மூன்று மாதம் முந்தியது.

அன்று சொன்னது தப்பு, அசல்தான், அபூர்வமானது, நிறைய விலை போகும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

மாரிச்செல்வி மகளைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு அசல்னு சொல்லியிருந்தியன்னா மறு வாரமே வித்திருப்பேன், அண்ணாச்சி. போலின்னு சொன்னதுனாலதான் இவ கையில குடுத்தேன்" என்றார்.

நான் கழற்றிய கழுத்தைக் கையில் பிடித்தபடியே கவிதா, "மம்மி, இத விக்கணுமா?" என்றாள்.

"விக்கதும் வைக்கதும் இனி ஒன் பாடு." பிறகு என்னிடம்: "நல்லா முறுக்கி மாட்டுங்க. ஆறு மணிக்கு இவளுக்குத் தாணேல ப்ரோக்ராம். இன்னைக்கு மெகா பிளாக் வேற, ரயிலு கொறச்சல்."

நான்கு ஸ்க்ரூ. இறுக்கினேன். கவிதா சுருதி சேர்த்துப் பார்த்தாள். உறையில் போட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்றி, தோளில் மாட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.