நீலச் சட்டைக்கு விழுந்த மாலை

அன்பின் எங்கள் பிள்ளையின் அம்மாவுக்கு,

போனில் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று வாசிகசாலையில் என் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். வானத்தில் தலைகீழாகத் தொங்கும் கிணற்றைப் பார்த்த ஒருவர், "மாஸ்டர், படத்தைக் கவிட்டுக் கொழுவிப்போட்டியள்" என்றார். நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டேன். "ஓம், மாறிப்போச்சு" என்றேன்.

பிள்ளையின் நீலச் சட்டையை வைத்து நான் கீறிய படம் உமக்கு நினைவிருக்கும். சட்டை கொடியில் காய்கிறது, உள்ளே ஆளில்லை, கழுத்துக்குள்ளால் வாழை குலை தள்ளியிருக்கிறது. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருக்கு வாங்கிய மாலையை, அச்சுவேலியில் இருந்து வந்த ஒரு பெண் அந்தப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

"செத்த பிள்ளையின்ரை படமெண்டு நினைச்சன், ஐயா. பிழையோ?"

காணாமல்போன எங்கள் பிள்ளையைத் தேடித் திரிந்த இந்தப் பதினேழு வருடத்தில் அவன் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்க நீர் என்னை விட்டதில்லை. "மாலை போட்டால் எல்லாம் முடிஞ்சுது" என்பீர். லண்டனுக்குப் போகும்போதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனீர்.

எல்லோரும் போனபின் மாலையைக் கழற்றக் கதிரையில் ஏறினேன். வெகுநேரம் நின்றேன். பிறகு, ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நேராக்கிவிட்டு இறங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பா