நிலாவுக்கு ஓர் ஓட்டைச் சட்டி

கொழும்பு, 1897 ஆடி மாதம்

அன்புள்ள இருதயம்மாளுக்கு,

சர்வேசுரன் துணையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் தேவலையா?

"தண்டட்டிய வித்துத் தாரேன், பெரிய தூரக்கண்ணாடியே வாங்கிப்புடுங்க" என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அதைக் காதிலிருந்து கழற்றினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நடந்தது இவ்வளவுதான். என் பழைய தூரக்கண்ணாடியில் காமிராவைப் பொருத்தி நிலாவைப் படம் பிடித்தேன். அது வெள்ளரிக்காய் மாதிரி நீண்டு விழுந்தது. எங்கள் போட்டோக்கடை முதலாளி வந்தவர்கள் முன்னால் சிரித்து, "பெரிசா வாங்கு, இல்லாட்டி நிலாவ விட்டுரு" என்றார். இரண்டையும் செய்ய மாட்டேன். படம் பதிவதற்குள் நிலா நகர்கிறது, குழாய் நிற்கிறது. பெரிய குழாயில் பெரிய வெள்ளரிக்காய்தான் விழும்!

ஆகவே தகர டின் தண்ணீரில் ஒரு கட்டையை மிதக்கவிட்டு, அதைக் குழாயோடு கயிற்றால் கட்டி, டின்னின் அடியில் ஓட்டை போட்டேன். தண்ணீர் வடிய வடியக் கட்டை இறங்கியது, குழாயும் நிலாவோடு திரும்பியது. ஆனால் என் ஓட்டை சரியில்லை, திக்கித் திக்கி வடிகிறது.

வயலுக்கு முறைத்தண்ணீர் விடும் நேரத்தை அளந்த நம் செப்புச் சட்டியின் ஓட்டை சீராக வடியும். பெரியாற்று அணைத் தண்ணீர் தாராளமாக வந்தபின் அது சும்மாதானே கிடக்கிறது? இங்கே வரும் உன் அண்ணனிடம் கொடுத்துவிடு. முதலாளி அதற்கும் சிரிக்கட்டும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். சட்டி நசுங்காமல் உன் பழைய சேலை ஒன்றில் சுற்றி அனுப்பு. சேலையைத் துவைக்க வேண்டாம்.

அமிர்தராஜ்