தகப்பன் மீன்

இஞ்சாருங்கோ,

உங்களை இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "என்னப்பா?" என்று கேட்க இனி ஆளில்லை என்று தெரிந்தும் வாய் அதையேதான் சொல்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் மூவரும் சுகம். பாணுக்கு இன்னமும் விடிய எழும்பிப் பேக்கரி வரிசையில் நிற்கிறோம். கிணற்றடி மதிலை உங்கள் தம்பி மறுபடியும் நம் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால், "விடப்பா, அவனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றிருப்பீர்கள். நான் கத்தியிருப்பேன். இப்போது கத்தவும் மனம் வரவில்லை.

உங்கள் மீன்களைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சயாம் நாட்டிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலின் மாலுமி ஒருவன் துறைமுகத்தில் உங்களிடம் தந்த சோடி அது. சண்டை மீன் என்று அவன் சொன்னான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. சிவப்பும் நீலமுமாகப் பெருகிய ஆண் மீன்களை நீங்கள் தனித்தனிப் போத்தலில் விட்டு, ஒன்றையொன்று பாராதபடி இடையில் மட்டை செருகி வைப்பீர்கள். காலையில் மட்டையைக் கொஞ்ச நேரம் எடுப்பீர்கள். அவை செட்டையை விரித்துச் சிலிர்த்ததும், "காணும், இவ்வளவு போதும்" என்று திரும்பச் செருகிவிடுவீர்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

"பேர் சண்டை மீன். சண்டை பிடிக்க விடமாட்டீங்களோ?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"பேர் வைச்சவன் இதைக் கூட்டோட பாக்கேல்லையப்பா. இது தகப்பன் மீன்."

வாயால் நுரை ஊதிக் கூடு கட்டுமாம். முட்டையிட்டதும் தாயை வேறாக்காவிட்டால் அது முட்டையைத் தின்றுவிடுமாம். தகப்பன்தான் சாப்பாட்டை மறந்து காவல் நிற்குமாம், விழுகிற முட்டையைக் கவ்விக் கூட்டில் ஒட்டுமாம். நான் காது கொடுக்கவில்லை. உங்கள் தம்பி முதல் முறை மதிலை நம் பக்கம் தள்ளிக் கட்டிய காலம் அது. "போத்திலுக்குள்ள கிடக்கிற மீனுக்கே ரோசம் இருக்கு. உங்களுக்கு இல்லையே!" என்று தம்பி வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். நீங்கள் மட்டையைச் செருகிவிட்டு வேலைக்குப் போனீர்கள். பின்னேரம் எனக்கு முறுக்கு வாங்கி வந்தீர்கள். நானும் சாப்பிட்டேனே, எப்படிச் சாப்பிட்டேன்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மீன்களை விற்கத் தொடங்கினேன். தகப்பன் மீன் என்று சொன்னால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அதனால் ஒரு பலகையில் "சண்டை மீன் விற்பனைக்கு" என்று எழுதி வாசல் படலையில் தொங்கவிட்டேன். போன கிழமை காலையில் ஒரு இளந்தாரி வந்து, தொட்டியில் நின்ற பெரிய சிவப்பு மீனைக் காட்டினான். அது கூட்டின் கீழ் காவல் நின்றது. தாய் மீனை நானேதான் அதற்கு முன் வேறாக்கியிருந்தேன்.

"இது நல்லாச் சண்டை பிடிக்குமோ அக்கா?"

"ஓம். பேரிலயே இருக்குத்தானே" என்றேன். தகப்பன் இல்லாவிட்டால் முட்டை பொரிக்காதா என்ன என்று நினைத்துக்கொண்டு அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் பார்த்தால் நுரை கலைந்து முட்டைகள் அடியில் கிடந்தன. தேக்கரண்டியால் அள்ளி அள்ளி நுரையில் வைத்தேன். நிற்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு றஹீமா ஓடி வந்தாள். "அக்கா, உங்கட மீனச் சந்தியில அலுமினியப் பேசினுக்குள்ள விட்டுச் சண்டை பாக்கிறாங்க!"

கரண்டியும் கையுமாக ஓடினேன். சுற்றி நின்றவர்களை விலக்கி, பேசினுக்குள் கையை விட்டேன்.

"வித்த மீன்தானே அக்கா?" என்றான் அந்த இளந்தாரி.

"வித்தது என்ர பிழை. விடு!"

செட்டை நூல்நூலாகக் கிழிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டதும் அது நேரே கூட்டடிக்குத்தான் போனது. வெளுத்துப்போன முட்டைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டுபோனது. அவை விழுந்தன. மறுபடி கவ்வியது. என்னால் பார்க்க ஏலவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை இருந்தவர் நீங்கள். அந்த மனிதரிடம் ஒரு சண்டைக்காரனைத் தேடித் தேடி நான் ஏசினேன். என்னைப் பொறுத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள்?

இன்று காலை அது கிழிந்த செட்டையோடு மூலையில் புதிதாக நுரை ஊதத் தொடங்கியிருக்கிறது. மற்ற மீன்கள் கண்ணில் படாமல் மட்டை செருகியிருக்கிறேன். படலைப் பலகையையும் அழித்து, "தகப்பன் மீன்" என்று எழுதிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பழைய பெயரில் இனி ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன், இது சத்தியம்.

இந்த வீட்டில் சண்டை பிடித்தது நான் ஒருத்திதான். அந்தப் பெயரை நானே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி,
சண்டைக்காரி மங்களம்